காசின் வடுவும் அச்சின் பிழையும்

மண்ணிலிருந்து கிடைத்த பழங்காசு ஒன்றில் குறை தென்படுகின்றது. உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கலாம். முகத்தின் குறுக்கே கோடு ஒன்று ஓடலாம். அக்குறை அக்கசாலையில் நேர்ந்த பிழையா? அன்றிக் காசு வெளிவந்த பின்னர் ஏற்பட்ட வடுவா? பிழையாயின் அது காசை அடித்த நாட்டின் செய்தி. வடுவாயின் அதனைக் கையாண்ட மக்களின் செய்தி. இரண்டையும் மயங்கக் கொண்டால் வரலாறே மயங்கிவிடும்.

இப்பயிற்சிக்குக் கொங்கு நாடு ஏற்ற களமாகும். கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் சென்று திரும்பக்கூடிய தொலைவில், நொய்யலாற்றின் கரையில் வெள்ளலூர் உள்ளது. அங்கே 1842-ஆம் ஆண்டில் 522 உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1891-லும் 1931-லும் மேலும் கிடைத்தன. உடுமலைப்பேட்டையை அடுத்த பூதிநத்தத்தில் 1946-இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவை வெளிப்பட்டன. கொங்கு நாட்டில் கிடைக்கும் உரோம வெள்ளிக் காசுகளுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் பேரரசர்களுடையவை. காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பச்சைக்கல் போன்ற பொருள்களை நாடிய வாணிகம், பாலக்காட்டுக் கணவாய் வழியே இக்காசுகளை இங்குக் கொணர்ந்தது.

உரோமர் காசு அடித்த முறையை முதலில் அறிதல் வேண்டும். கீழச்சினைப் பட்டடையில் பொருத்தி, அதன்மேல் வெறுந்தகட்டினை வைத்து, மேலச்சினைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் அடித்தனர். தகடு விலகியிருந்தால் உருவத்தின் ஒரு பகுதி விழாது. எதிர்ப்பக்கத்து ஓரம் வெறுமையாக நிற்கும். இருமுறை அடிக்கையில் தகடு நகர்ந்தால் உருவம் இரட்டிக்கும். அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த தகட்டின் ஒரு புறத்தில் தலை புடைத்தும், மறுபுறத்தில் அதே தலை இடவலம் மாறிக் குழிந்தும் தோன்றும். இவை அச்சுப் பிழைகள்.

பின்னர் நேர்ந்த சேதத்தின் இயல்பு வேறு. தேய்மானம் மூக்கு, கன்னம், தலைமயிர் போன்ற மேடான பகுதிகளையே முதலில் தாக்கும். மாலையில் கோக்கத் துளையிட்டால், துளையைச் சுற்றிய எழுத்துகள் நசுங்கும். உளியால் வெட்டினால் உலோகம் ஒதுங்கி, வெட்டின் இருகரையும் வரப்புப்போல் மேலெழும்.

மாணவர்கள் நினைவிற்கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு. அச்சில் விரிசல் விழுந்தால், அடிக்கும்போது உலோகம் அவ்விரிசலுள் ஏறும்; ஆதலால் காசின்மீது அது புடைத்த கோடாகவே தோன்றும். காசில் கோடு பள்ளமாக இருந்து, உருவத்தையும் எழுத்தையும் அறுத்துச் சென்றால், அது பின்னர் விழுந்த வெட்டெனக் கருதலாம்.

இவ்விதியைப் புதுக்கோட்டைப் புதையலில் பொருத்திப் பார்ப்போம். 1898-இல் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது வெட்டு விழுந்துள்ளது. கோடுகள் பள்ளமானவை, பல அரசர்களின் காசுகளிலும் உள்ளவை. எனவே அவை ஓர் அச்சின் பிழையாக இருத்தல் இயலாது. தற்செயலாகவும் இத்தனை காசுகளில் தலைமீதே விழுந்திரா. பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டினர் என்பர் சிலர். நாணயமாகச் செல்லாதபடி செய்து, பொன்னாக மட்டும் கொள்ள வெட்டினர் என்பர் வேறு சிலர். எதுவாயினும், அந்நியரின் பொன்னை நம் முன்னோர் ஆராயாமல் ஏற்கவில்லை என எண்ண இவ்வடு இடந்தருகின்றது.

இன்று சேதமுற்ற காசுகளையும் அரிய அச்சுப்பிழைகள் எனக் கூறி அதிக விலைக்கு விற்போர் உளர். மேற்கூறிய விதிகளை அறிந்தோர் அவர்களிடம் ஏமாறமாட்டார்.

பழங்காசு கிடைத்தால் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்காதீர்கள். வெட்டின் கரையும் எழுத்தின் விளிம்பும் மழுங்கினால் சான்று அழிந்துபோகும். கிடைத்த இடத்தைக் குறித்துவையுங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டுமென 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் விதிக்கின்றது. உருக்கப்பட்ட காசு உலோகத்தின் விலையை மட்டுமே தரும். வடுவோடு காக்கப்பட்ட காசு இந்நாட்டு வரலாற்றின் ஒரு பக்கத்தையே நமக்குத் தரும்.