வேலியில் ஒரு ஓட்டை

கழுத்தில் தொங்கும் அட்டையைக் கதவருகே இருக்கும் சின்னப் பெட்டியில் காட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும், கதவு திறக்கும். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது மூச்சு விடுவது போலப் பழகிப்போன விஷயம். ஆனால் ஒரு ஊர் முழுக்க அட்டையை நம்பி ரகசியம் காத்த காலம் ஒன்று உண்டு. அந்த ஊர் வாசலில் நடந்ததைப் பார்த்தால், அட்டை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது நன்றாகவே விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அணுகுண்டு செய்ய எடுத்த முயற்சிக்குப் பெயர் மன்ஹாட்டன் திட்டம். அதன் ஆராய்ச்சிக்கூடம் 1943-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் அலமோஸ் என்ற மலைப்பகுதியில் தொடங்கியது. அங்கே வேலைக்கு வந்த விஞ்ஞானிகள் நேராக மலை ஏறிவிட முடியாது. முதலில் சாண்டா ஃபே நகரில் கிழக்கு பேலஸ் தெரு 109-ம் எண் அலுவலகத்துக்குப் போக வேண்டும். டோரதி மெக்கிபின் என்ற பெண்மணி அனுமதிச் சீட்டு தருவார். அது இல்லாமல் மேலே நுழைவு கிடையாது. ஊருக்கு முகவரிகூடக் கிடையாது, தபால் பெட்டி எண் 1663 மட்டும்தான்!

ஊரைச் சுற்றி ஒரு வேலி, ஆராய்ச்சி நடக்கும் பகுதியைச் சுற்றி இன்னொரு வேலி. உள்ளே போனாலும் அட்டையின் நிறம் பேசும். வெள்ளை அட்டை வைத்திருந்தவர் திட்டத்தைப் பற்றி எதையும் கேட்கலாம், வாராந்திரக் கூட்டத்தில் உட்காரலாம். நீல அட்டைக்காரருக்குத் தன் வேலைக்குத் தேவையானது மட்டும்தான் தெரியவரும். ராணுவத் தலைவர் ஜெனரல் குரோவ்ஸுக்கு, ஒருவர் வேலை அடுத்தவருக்குத் தெரியக்கூடாது. இயக்குநர் ஓப்பன்ஹைமருக்கோ, விஞ்ஞானிகள் கலந்து பேசாமல் குண்டு வராது. வெள்ளை அட்டை ஓப்பன்ஹைமருக்குக் கிடைத்த வெற்றி என்றே சொல்லலாம். நீல்ஸ் போர் போன்ற மேதைக்குக்கூட நிக்கலஸ் பேக்கர் என்று பொய்ப்பெயர் வைத்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். (இயற்பியல் படித்த எவருக்கும் தெரிந்த முகம்! யாரை ஏமாற்ற முடியும்?)

இத்தனை ஏற்பாட்டையும் கேலிக்கூத்தாக்கியவர் ரிச்சர்ட் ஃபெயின்மேன். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தைச் சுற்றித்தான் இருக்கும். வெளியே இருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள், வாசல் வரை சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, வேலியில் ஒரு ஓட்டை போட்டு வைத்திருந்ததை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாசல் வழியாக வெளியே போனார், ஓட்டை வழியாக உள்ளே வந்தார், மறுபடி வாசல் வழியாக வெளியே போனார்... இப்படியே பல முறை. காவலுக்கு நின்ற சார்ஜெண்டுக்குத் தலை சுற்றியது. இந்த ஆள் போய்க்கொண்டே இருக்கிறானே, எப்போது வந்தான்? முதலில் அவரைப் பிடித்து உள்ளே தள்ளத்தான் யோசித்தார்கள். அதன் பிறகுதான் ஓட்டை விஷயம் வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, ஓட்டையைப் போட்டது எதிரி நாட்டு ஒற்றன் அல்ல. உள்ளே வர முழு அனுமதி இருந்த, நடக்க அலுப்புப்பட்ட சாதாரண மனிதர்கள்.

ஒற்றன் எந்த வழியாக வந்தான் தெரியுமா? வாசல் வழியாகத்தான், முறையான அனுமதியோடு!

க்ளாஸ் ஃபூக்ஸ், ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் பிரிட்டனுக்குத் தப்பி ஓடி, 1942-ல் அந்நாட்டுக் குடிமகன் ஆனார். 1944 ஆகஸ்டில் பிரிட்டிஷ் குழுவில் ஒருவராக லாஸ் அலமோஸ் வந்தார். பிரிட்டன் விசாரித்துவிட்டது என்று அமெரிக்கா நம்பியது. பிரிட்டனின் விசாரணையோ மேலோட்டமானது. அமைதியானவர், கடின உழைப்பாளி. அவரை யாரும் சந்தேகிக்கவில்லை. 1945 ஜூனில் சாண்டா ஃபே போய், நாகசாகியில் பின்னர் விழுந்த புளுட்டோனியம் குண்டின் விவரங்களை சோவியத் உளவாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதே மாதம், ஃபெயின்மேனின் மனைவி ஆல்புகர்க்கி மருத்துவமனையில் சாகும் தறுவாயில் இருந்தபோது, அவசரமாக ஓட கார் கொடுத்து உதவியவரும் இதே ஃபூக்ஸ்தான். ஓட்டையைக் காட்டியவரை முறைத்தார்கள், காரைக் கொடுத்தவரைப் பாராட்டினார்கள்!

1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. 1950 ஜனவரியில் ஃபூக்ஸ் உண்மையை ஒப்புக்கொண்டார். மார்ச்சில் 14 வருடச் சிறைத்தண்டனை.

டென்னசியில் ஓக் ரிட்ஜ் என்ற இன்னொரு ரகசிய ஊர். அங்கே கதிர்வீச்சு அளவைச் சோதிக்கும் வேலையில் இருந்த ராணுவ வீரர் ஜார்ஜ் கோவல். அந்த வேலைக்காகவே பல கட்டடங்களுக்கும் போய்வரும் அனுமதி. அவரும் சோவியத் ஒற்றர்தான். 2007-ல், அவர் இறந்த மறு ஆண்டு, ரஷ்யா வீர விருது அறிவித்தபோதுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

போருக்குப் பின் காவலாளியின் கண் செய்த வேலையை மெல்ல மெல்ல இயந்திரம் எடுத்துக்கொண்டது. 1973-ல் சார்லஸ் வால்டன் என்ற அமெரிக்கர், பேட்டரியே இல்லாத ரேடியோ அட்டையால் சாவியின்றிக் கதவைத் திறக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய 'பீப்' அட்டைகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன். ஆனால் அட்டைக்கு ஒரு குறை உண்டு. திறந்த கதவு வழியாக எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. முன்னே போகிறவர் மரியாதைக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வருபவர் அட்டையை எடுக்கவே வேண்டாம். வேலியில் போட்ட அதே ஓட்டைதான், கொஞ்சம் நாகரிகமாக!

இதைப் பிடிக்க இப்போது பல அலுவலகங்களில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்ததாகப் பதிவாகாத அட்டையை வெளியே போகும் கதவு ஏற்காது. காலையில் நண்பர் பிடித்த கதவு வழியாக நுழைந்தவர், மாலையில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சிவப்பு விளக்கு எரியும். அன்று அந்த சார்ஜெண்ட் கேட்ட அதே கேள்விதான்: நீ எப்போது வந்தாய்?