பெட்டியில் இருந்த பட்டாலியன்

1973 ஜூலை 12, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரையொட்டி இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. ஆவணங்கள் அடுக்கப்பட்டிருந்த பகுதியில் தண்ணீர் தெளித்துத் தீயணைக்கும் அமைப்பு இல்லை. நாட்கணக்கில் எரிந்தும் புகைந்தும் அடங்கிய அந்தத் தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான ராணுவக் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பரிலிருந்து 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் போய்விட்டது. அவற்றுக்கு நகல் கிடையாது. யாருடைய கோப்பு எரிந்தது என்று பார்த்துச் சொல்ல ஓர் அட்டவணைகூடக் கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து குதித்த அமெரிக்க பாராசூட் வீரர்கள் தரைப்படையைச் சேர்ந்தவர்கள். நார்மண்டியிலும் தெற்குப் பிரான்ஸிலும் ஹாலந்திலும் இறங்கியவர்களின் கோப்புகளில் பெரும்பகுதி அந்த மாடியில்தான் இருந்தது. 'என் அப்பா எந்தப் பிரிவில் இருந்தார், எங்கே குதித்தார்' என்று கேட்டு எழுதிய பிள்ளைகள் பலருக்குக் கிடைத்த பதில், கோப்பு எரிந்துவிட்டது என்பதுதான்.

அதன்பிறகு அந்தக் குடும்பங்கள் என்ன செய்தன என்பதே என் அக்கறை. போரைப் போற்றும் எழுத்தில் எனக்கு நாட்டமில்லை. ஆனால் அழிந்துபோன ஒரு வரலாற்றைச் சாதாரண மனிதர்கள் எப்படிச் சேர்த்துக் கட்டினார்கள், அந்த வேலையில் பெண்களின் பங்கு என்ன, அதற்கு என்ன மதிப்புக் கிடைத்தது என்பவை நம்முடைய கேள்விகள்.

முதலில் வழிமுறையைப் பார்ப்போம். போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் பலர் தங்கள் விடுவிப்புச் சான்றை உள்ளூர் மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்து வைத்தார்கள். அந்தப் பதிவேடு செயின்ட் லூயிஸில் இல்லாததால் தப்பியது. ஒவ்வொரு கம்பெனியும் தினந்தோறும் 'காலை அறிக்கை' ஒன்று எழுதியது. புதிதாக வந்தவர், காயமடைந்தவர், மருத்துவமனைக்குப் போனவர், இறந்தவர் என அன்றைய மாற்றங்கள் மட்டும் அதில் இருக்கும். சம்பளப் பதிவுகளும் உதவும். பாராசூட் பிரிவின் சிப்பாய்க்கு மாதம் 50 டாலர் கூடுதல் படி உண்டு. அந்தத் தொகை பதிவாகியிருந்தால் அவர் குதிப்பவர் என்று தெரிந்துகொள்ளலாம். போருக்குப் பின் உதவித்தொகை கேட்டிருந்தால் அந்த விண்ணப்பக் கோப்பு வேறோர் அலுவலகத்தில் இருக்கும். இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, முரண்படும் இடத்தில் எது நம்பத்தக்கது என்று முடிவெடுக்க வேண்டும். தமிழ் படித்த எனக்கு இது அந்நியமான வேலையாகத் தெரியவில்லை. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தீர்மானிப்பதும் இதே வேலைதான்.

தீயே இல்லாமலும் வரலாறு தொலையலாம். 551-வது பாராசூட் பட்டாலியன் அப்படித் தொலைந்தது. பனாமாவில் உருவாக்கப்பட்ட அந்தப் பட்டாலியன் 1944 ஆகஸ்ட் 15 அன்று தெற்குப் பிரான்ஸில் பகல் வெளிச்சத்தில் குதித்தது. டிராகின்யான் நகரை மீட்டதில் அதற்குப் பங்குண்டு. அடுத்த ஜனவரியில் பெல்ஜியத்தின் பனிக்காடுகளில் அது தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது. ஜனவரி 3-ஆம் தேதி கிளம்பியவர்கள் சுமார் 640 பேர். 7-ஆம் தேதி ரோஷலினவால் என்ற சிற்றூரைப் பிடித்தபோது எஞ்சியவர்கள் சுமார் 110 பேர்தான். தளபதி வுட் ஜோர்க்கும் அன்று இறந்தார். சில வாரங்களில் பட்டாலியனைக் கலைத்து, மிஞ்சியவர்களை வேறு பிரிவுகளில் சேர்த்துவிட்டார்கள். பட்டாலியனின் ஆவணங்களில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. ஒரு பிரிவே இல்லாமல் போனபின் அதன் கதையைச் சொல்ல அலுவலகம் ஏது?

பல ஆண்டுகள் கழித்து அந்த முன்னாள் வீரர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவரின் மகன், கவிஞரும் எழுத்தாளருமான கிரெகரி ஆர்ஃபாலியா. தந்தை இறந்தபின் அவர் தந்தையின் தோழர்களைத் தேடிப்போய்ப் பேசி, அவர்களுடன் பழைய போர்க்களங்களுக்கும் சென்று, 1997-இல் அந்தப் பட்டாலியனின் வரலாற்றைப் புத்தகமாக்கினார். அமெரிக்க அரசு அந்தப் பிரிவுக்குரிய உயரிய பாராட்டை 2001-இல்தான் வழங்கியது. 56 ஆண்டுகள் தாமதம். அதற்குள் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

இத்தகைய மீட்பு முயற்சிகளில் அலுவலகத் தாள்கள் ஒரு பாதி. மறுபாதி வீட்டில் இருந்தது. கடிதங்கள், உறைகள், புகைப்படங்கள், தந்திகள், வெட்டி ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள். தணிக்கை காரணமாகச் சிப்பாய் தன் கடிதத்தில் ஊர்ப்பெயர் எழுத முடியாது. ஆனால் உறையில் ராணுவ அஞ்சல் எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டால் அவர் அப்போது எந்தப் பகுதியில் இருந்தார் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போட்டிருந்தால் அந்தத் தடயம் போயிருக்கும். உறையோடு சேர்த்துக் கட்டிவைத்த கைகள் பெரும்பாலும் தாயின் கைகள், மனைவியின் கைகள், தங்கையின் கைகள். எந்த மாதம் கடிதம் வரவில்லை என்பதும் அவர்களுக்குத்தான் நினைவிருந்தது. அந்த இடைவெளியும் ஒரு சான்றுதான். ஒரு தாக்குதலையோ மருத்துவமனையையோ அது சுட்டும்.

இந்தப் பெண்களை அரசு எப்படிப் பார்த்தது? 1942-இல் வந்த சட்டப்படி சிப்பாயின் மனைவிக்கு மாதம் 50 டாலர். அதில் 22 டாலர் கணவனின் சம்பளத்திலிருந்து பிடித்தது, 28 டாலர் அரசு தந்தது. அந்தப் பணத்துக்கு அவள் மனைவி என்பது ஆதாரம். போர் முடிந்தபின், அயல்மண்ணில் புதைக்கப்பட்டவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரலாமா, அங்கேயே விட்டுவிடலாமா என்று குடும்பங்களிடம் அரசு கேட்டது. முடிவெடுக்கும் உரிமைக்கு வரிசை இருந்தது. மனைவிக்கு முதலிடம்; மறுமணம் செய்துகொண்டால் அந்த உரிமை போய்விடும். பிள்ளைகளில் மகன்களுக்குப் பிறகே மகள்கள். பெற்றோரில் தகப்பனுக்குப் பிறகே தாய். 1,70,000-க்கும் மேற்பட்ட உடல்கள் ஊர் திரும்பின. ஒவ்வொன்றின் பின்னாலும் இந்த வரிசையில் யாரோ ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஆவண மையத்தின் விதியும் இதே பாதையில்தான் போகிறது. இறந்துபோன வீரரின் கோப்பைக் கேட்கும் உரிமையுள்ள நெருங்கிய உறவினர் பட்டியலில் கணவனை இழந்த மனைவி உண்டு, மறுமணம் செய்யாதவரை. இருபத்திரண்டு வயதில் கணவனைப் பறிகொடுத்து, பின்னர் வேறொருவரை மணந்துகொண்ட பெண்ணை நினைத்துப் பாருங்கள். முதல் கணவனின் கடிதங்கள் அவள் பெட்டியில் இருக்கின்றன. அவன் எந்தக் காட்டில் இறந்தான் என்று கேட்கும் உரிமை மட்டும் அவளுக்கு இல்லை. பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்த கோப்புகள் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன என்பதால் இன்று அந்தப் போரின் கோப்புகளை யாரும் கேட்கலாம். ஆனால் அந்தக் கதவு திறந்தபோது அவளுக்கு எண்பது வயதைத் தாண்டியிருக்கும், உயிரோடு இருந்திருந்தால்.

பாராசூட்டின் வரலாற்றிலேயே பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானியப் பட்டு கிடைக்காமல் போனபோது நைலானில் பாராசூட் செய்தார்கள். அதை மாட்டிக்கொண்டு முதன்முதலில் குதித்துக் காட்டியவர் அடலின் கிரே என்ற 24 வயதுப் பெண். பாராசூட் மடிப்பது அவர் தொழில். நாள் 1942 ஜூன் 6. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே தேதியின் இருட்டில், ஆயிரக்கணக்கான ஆண்கள் நார்மண்டியில் குதித்தார்கள்.

குதித்துப் போரிட்ட பெண்களும் உண்டு. பிரிட்டனின் ரகசியப் படைப்பிரிவைச் சேர்ந்த பேர்ல் விதெரிங்டன் 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸில் பாராசூட்டில் இறங்கினார். பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்புப் போராளிகளை வழிநடத்தினார். பாராசூட் வீரர்கள் நெஞ்சில் அணியும் சிறகுச் சின்னம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்கு ஐந்து குதிப்புகள் வேண்டும். ஆண்களுக்குப் பயிற்சியில் நான்கு, களத்தில் ஐந்தாவது. பெண்களுக்குப் பயிற்சியிலேயே மூன்றுதான் கொடுத்தார்கள். கணக்கில் ஒன்று குறைந்தது. குறைத்தவர்கள் யாரென்று விதி கேட்கவில்லை. 2006-இல், 91 வயதில், அவருக்குச் சிறகு வழங்கப்பட்டது.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஆவணம் எரிந்ததால் மட்டும் வரலாறு அழிவதில்லை. எதைப் பதிவது, யாரை உறவாக ஏற்பது, எத்தனை குதிப்பைக் கணக்கில் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்த விதிகளிலும் அது அழிகிறது. தீயில் அழிந்ததை மீட்கக் குடும்பங்கள் வழி கண்டுபிடித்தன. விதியில் அழிந்ததை மீட்பது கடினம். எழுதப்படாத தாளை எங்கே தேடுவது?

அப்பாவின் போர்க்காலத்தைத் தேடும் மகள் கடைசியில் ஒரு கோப்பு தயாரிக்கிறாள். அதில் அப்பாவின் பெயர், பட்டாலியன், குதித்த இடங்கள், பதக்கங்கள் எல்லாம் இருக்கும். அறுபது ஆண்டுகள் அந்தக் கடிதக்கட்டைச் செல்லரிக்காமல், வீடு மாறும்போதெல்லாம் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்த அம்மாவின் பெயர் அநேகமாக நன்றியுரையில்கூட இருக்காது. தேடித் தொகுத்த மகளின் பெயரும் அப்படித்தான்.

வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகும் என் மாணவிகளிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சின்னது. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்தத் தாளை இத்தனை நாள் யார் வைத்திருந்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பெயரையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.