டிக், டிக் என்று பேசிய பம்பு

பழைய மோரிஸ் மைனரில் சாவியைத் திருப்பினால் முதலில் கேட்பது இன்ஜின் சத்தமல்ல. பானெட்டுக்குள்ளிருந்து 'டிக்டிக்டிக்' என்று வேகமாக ஒரு ஒலி கிளம்பும்; சில நொடிகளில் தளர்ந்து அடங்கிவிடும். கார்புரேட்டர் நிரம்பிவிட்டது, இனி ஸ்டார்ட் செய்யலாம் என்று பொருள். அந்த ஒலி எஸ்.யூ. மின்சார பெட்ரோல் பம்பினுடையது. வண்டிக்கு என்ன நோய் என்பதை மெக்கானிக்குகள் அதைக் கேட்டே சொன்னார்கள்.

எஸ்.யூ. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. இங்கிலாந்தில் காலணி வியாபாரத்தில் பேர்பெற்ற குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னரும் அவர் தம்பி தாமஸ் கார்லைலும் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களுடைய ஆரம்பகால கார்புரேட்டரில் ஏறி இறங்கும் பகுதி தோலால் ஆனது. குடும்பத் தொழில் பட்டறைக்குள்ளும் வந்துவிட்டது போலும். 1926இல் மோரிஸ் கார்களின் முதலாளி டபிள்யூ.ஆர். மோரிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார்.

மின்சார பம்பு வருவதற்கு முன் பெட்ரோல் இன்ஜினுக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு பாடு. ஃபோர்டு மாடல் டி கார்கள் பலவற்றில் டேங்க் இருக்கைக்கு அடியில். பெட்ரோல் தானாக வழிந்து இறங்க வேண்டும். டேங்கில் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றுவார்கள். பிறகு இன்ஜினின் உறிஞ்சு விசையால் பெட்ரோலை இழுக்கும் முறை வந்தது. நீண்ட மலையேற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் அந்த விசையும் குறைந்துபோகும். 1930களில் பரவிய மின்சார பம்புக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான்.

உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. மின்சாரம் பாய்ந்ததும் காயில் காந்தமாகி, டயாஃப்ரம் எனும் வளையும் சவ்வோடு சேர்ந்த இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு உரசாமல் நடுவில் நிற்க அதன் விளிம்பைச் சுற்றிப் பதினொரு சிறு பித்தளை உருளைகள். இழுப்பு முடியும் இடத்தில் பாயின்ட் எனும் மின் தொடுமுனை பிரியும், மின்சாரம் அறும், ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் திரும்பத் தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். மறுபடி பாயின்ட் சேரும். இந்தச் சுற்று ஒவ்வொன்றும்தான் ஒரு 'டிக்'.

இதில் பலவீனமான இடம் பாயின்ட். ஒவ்வொரு முறை பிரியும்போதும் காயிலில் எழும் மின்னழுத்தம் பொறியாகத் தெறிக்கும். டங்ஸ்டன் பரப்பு கருகிக் குழி விழும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் அதன்மேல் களிம்பும் ஏறும். இங்கிலாந்தில் எம்.ஜி.பி. கார் வைத்திருந்தவர்கள் நடுவழியில் இறங்கி, பின்சக்கரத்தின் அருகே குனிந்து பம்பை ஸ்பானரால் தட்டியது இதனால்தான். தட்டினால் பாயின்ட் அசைந்து சேரும், வண்டி கிளம்பும். ஆனால் அது முதலுதவி மட்டுமே.

தேர்ந்த மெக்கானிக் தட்டுவதற்கு முன் காது கொடுப்பார். டிக் ஓயாமல் ஓடினால் டேங்க் காலி, அல்லது உறிஞ்சும் குழாயில் காற்று புகுகிறது. இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டிருக்கும்போதும் அவ்வப்போது ஒரு டிக் கேட்டால் உள்ளே வால்வு கசிகிறது. சத்தமே இல்லையென்றால்தான் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் கார்புரேட்டர் பக்கக் குழாயை லேசாகத் தளர்த்திப் பார்ப்பார். உடனே டிக் தொடங்கினால் பம்பு நல்லது, அடைப்பு அங்கே. தொடங்காவிட்டால் பம்புக்கு மின்சாரம் வரும் வெள்ளை ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைப்பார். ஒயரைக் கழற்றி உரசிப் பொறி பார்ப்பது, பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் உயிரோடு விளையாடுவது. விளக்கு எரியவில்லையா, கோளாறு சாவி பக்கம். எரிந்தும் பம்பு அசையவில்லையா, எர்த் ஒயர். துரு ஏறிய ஒரு எர்த் திருகுக்காக நல்ல பம்புகள் எத்தனையோ கழற்றி எறியப்பட்டிருக்கும். அதுவும் சரியென்றால்தான் மூடியைக் கழற்றி, பாயின்ட் நடுவே கெட்டித் தாளை நுழைத்து இழுத்துத் துடைப்பார்.

கையால் திறந்து கையால் சரிசெய்ய முடிந்ததால்தான் இந்த வண்டிகள் இத்தனை காலம் தாங்கின. இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய மைனர்களைச் சாலையிலேயே வைத்திருந்தன. 1990க்குப் பின் போர் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வரத் தடை. அங்கே பழைய பிரிட்டிஷ் கார்களைச் சில துளி பெட்ரோல் ஊற்றிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளிகளையும் மணமக்களையும் அவை சுமந்தன. கணினி கட்டுப்படுத்தும் இன்றைய கார் எதுவும் அந்தப் பாட்டைத் தாங்கியிருக்காது.

எஸ்.யூ. பம்புகள் இன்றும் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் தயாராகின்றன. பாயின்ட்டுக்குப் பதில் மின்னணுச் சுற்று கொண்டவையும் கிடைக்கின்றன. டிக் ஒலி அவற்றிலும் உண்டு. வாங்குபவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய மைனர்கள் பாசிட்டிவ் எர்த் வண்டிகள். சிலவற்றை இடையில் யாராவது நெகட்டிவுக்கு மாற்றியிருப்பார்கள். பழைய பாயின்ட் பம்பு இரண்டுக்கும் ஓடும். மின்னணு பம்பு ஓடாது. பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.