ஆம்ப்பின் முதுகில் இரண்டு துளைகள்

கிதார் ஆம்ப்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால், ஸ்பீக்கர் ஜாக்குகளுக்கு அருகே ‘சென்ட்’, ‘ரிட்டர்ன்’ என்று பெயர் போட்ட இரண்டு துளைகள் தெரியும். எஃபெக்ட்ஸ் லூப் என்பது இந்த இரண்டும்தான். கிதாரின் சிக்னல், ஒலியை முதலில் உயர்த்தும் ப்ரீஆம்ப்பைத் தாண்டியதும் சென்ட் வழியாக வெளியே போய், டிலே, கோரஸ் என்று எதையாவது சுற்றிவிட்டு, ரிட்டர்ன் வழியாக, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்குள் நுழையும். 1950-களின் ஆம்ப்புகளில் இவை கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

அன்றைக்கு எதிரொலி வேண்டியவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எதிரொலியை ஆம்ப்புக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடுவது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், கெய்ரோ என்ற ஊரில் ரே பட்ஸ் செய்த எக்கோசானிக் அப்படிப்பட்டது; அதன் வயிற்றுக்குள் ஒரு டேப் எக்கோ ஓடிக்கொண்டிருக்கும். செட் அட்கின்ஸிடம் ஒன்று இருந்தது, எல்விஸ் பிரெஸ்லிக்கு வாசித்த ஸ்காட்டி மூரிடம் ஒன்று இருந்தது. இன்னொரு வழி, கிதாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஒரு பெட்டி. லண்டனில் சார்லி வாட்கின்ஸ் 1958-இல் கொண்டுவந்த காப்பிகேட் அந்த ரகம். ஆம்ப்புகள் பெரும்பாலும் சுத்தமான ஒலியே தந்த காலம் என்பதால் எதிரொலி எங்கே நுழைந்தாலும் கேடில்லை.

லூப்பின் உண்மையான தாய் என்று நான் சொல்வது 1963-இல் வந்த ஃபெண்டர் வைப்ரோவெர்ப் ஆம்ப்பை. அதன் ரிவெர்ப், ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கும் ஸ்பிரிங்குகள். அவற்றை அசைக்க ஒரு வால்வும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். மறுமுனையில் மெலிந்து வரும் ஒலியைத் தூக்கி நிறுத்த இன்னொரு வால்வு வேண்டும். போக ஒரு கேபிள், வர ஒரு கேபிள். வெளியே அனுப்பத் தெம்பு, திரும்பியதை மீட்க இன்னொரு தெம்பு என்ற கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பின்னால் லூப் போட்டவர்களில் பலர் இதை மறந்துபோனதுதான் வேடிக்கை.

லூப்பைக் கேட்க வைத்தது டிஸ்டார்ஷன். 1960-களில் ஆம்ப்பை முழுச் சத்தத்தில் வைத்து, பவர் வால்வுகளும் ஸ்பீக்கரும் திணறும்போது கிடைத்த கரகரப்பு அது. சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் சின்ன ஃபெண்டர் ஆம்ப்புகளைப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்த ராண்டால் ஸ்மித், 1970-களின் தொடக்கத்தில் ப்ரீஆம்ப்பிலேயே கூடுதலாக ஒரு வால்வு நிலையைச் சேர்த்து, சிக்னலை அங்கேயே கிழியவைத்தார். மெசா பூகி அப்படித்தான் உருவானது. 1975-இல் மார்ஷலும் 2203 மாடலில் மாஸ்டர் வால்யூம் வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராத சத்தத்திலும் கரகரப்பு கிடைக்க ஆரம்பித்தது.

இப்போது எதிரொலிப் பெட்டியை எங்கே வைப்பது? ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால், வாசித்த ஸ்வரமும் அதன் எதிரொலிகளும் ஒன்றாகக் கிழிசலுக்குள் போகும். டிஸ்டார்ஷன் சின்ன ஒலியையும் பெரிய ஒலியையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு இழுத்துவிடும். தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலி தேயாமல் நின்று அடுத்த ஸ்வரத்தோடு மோதும்; எல்லாம் கூழாகிவிடும். கிழிந்த பிறகு எதிரொலித்தால் ஒவ்வொன்றும் தெளிவாக நிற்கும். ஆகவே ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே கதவு திறக்க வேண்டியதாயிற்று. 1980 வாக்கில் வந்த மெசாவின் மார்க் 2பி-யில் லூப் இருந்தது.

கதவு திறந்ததும் ஒலி கெட்டது. காரணம் இரண்டு.

முதலாவது அளவு. வால்வு ஆம்ப்பின் நடுவே சிக்னல் பத்துக்கணக்கான வோல்ட் வரை ஊசலாடலாம். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெடலுக்கு அதை அப்படியே கொடுப்பது, அணை மதகை வீட்டுக் குழாயில் திறந்துவிடுவது போல. குறைத்து அனுப்பினால், திரும்பி வந்ததும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும். உயர்த்த ஆளில்லாத லூப்பில் ஆம்ப் சோர்ந்துபோகும். ஸ்டூடியோ ரேக் கருவிகளோ பெடலைவிடப் பலமான சிக்னலை எதிர்பார்ப்பவை. இரண்டையும் ஒரே துளையால் திருப்திப்படுத்துவது லேசல்ல. 1980-களின் நடுவில் வந்த மார்க் 2சி+ ஆம்ப்பில் மெசா லூப்பைத் திருத்தவேண்டி வந்தது.

இரண்டாவது காரணம்தான் காதுக்குத் தெரியாமல் திருடுவது. ஒரு மீட்டர் கிதார் கேபிளின் மின்தேக்கம் ஏறக்குறைய 100 பிகோஃபாரட். சென்டிலும் ரிட்டர்னிலுமாக 12 மீட்டர் போட்டால் 1200. சென்டின் வெளியீட்டுத் தடை 1 லட்சம் ஓம் என்றால், சுமார் 1,300 ஹெர்ட்ஸிலேயே ஒலி சரியத் தொடங்கும். கிதாரின் கூர்மையும் தெளிவும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. தடை 1000 ஓமாக இறங்கினால் அந்தச் சரிவு 1,30,000 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். மனிதக் காது எட்டாத இடம். கேபிளை மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தடையை இறக்கும் உபாயம் பழையது: கேதோடு ஃபாலோயர். வால்வின் ஆனோடுக்குப் பதில் கேதோடிலிருந்து சிக்னலை எடுத்தால் வோல்ட் ஏறாது, ஆனால் நீளமான கேபிளை இழுக்கும் தெம்பு வரும். 12ஏஎக்ஸ்7 வால்விலேயே ஆயிரம் ஓமுக்குப் பக்கத்தில் தடையைக் கொண்டுவந்துவிடலாம். இதைத் தனிப் பெட்டியாக்கிப் புகழ் பெற்றவர் கலிஃபோர்னியாவின் அலெக்சாண்டர் டம்பிள். தன் சர்க்யூட்டை யாரும் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று அதன்மேல் எப்பாக்ஸி ஊற்றி மூடியவர். அவருடைய ஓவர்டிரைவ் ஸ்பெஷல் ஆம்ப்பின் லூப் வெறும் இரண்டு துளைகள். தாங்கிப் பிடிக்க உள்ளே வால்வு எதுவும் கிடையாது. அதற்குத் துணையாக அவர் செய்த பெட்டி டம்பிளேட்டர். போகிற பக்கம் கேதோடு ஃபாலோயரும் அளவுக் குமிழும். வருகிற பக்கம் மீட்கும் நிலையும் இன்னொரு குமிழும். இழந்த கூர்மையைத் தேற்ற ஒரு பிரைட் சுவிட்ச். ஃபெண்டரின் ஸ்பிரிங் பெட்டிக்கு இருந்த அதே இரு பக்க ஏற்பாடு, 1963-இன் கணக்கு!

எஃபெக்ட் எதையும் இணைக்காமல் டம்பிளேட்டரை மட்டும் ஆம்ப்போடு வைத்து வாசிப்பவர்களும் உண்டு. அதன் வால்வு சேர்க்கும் சாயல் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ‘சாயலே சேர்க்காத லூப்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ!

உங்கள் ஆம்ப்பின் லூப் எப்படிப்பட்டது என்று அறிய மீட்டர் வேண்டாம். சென்டையும் ரிட்டர்னையும் ஒரு குட்டைக் கேபிளால் இணைத்து வாசியுங்கள், பிறகு கழற்றிவிட்டு வாசியுங்கள். குட்டைக் கேபிளிலேயே ஒலி மாறினால் குறை லூப்பில். நீளக் கேபிள் போட்டால் மட்டும் மங்கினால், சென்டை ஒட்டி, தடையை இறக்கித் தரும் ஒரு பஃபர் பெடல் வைத்தால் போதும். லூப் பேரலல் வகையென்றால் வேறொரு கவனம் வேண்டும். அங்கே மூல ஒலி ஆம்ப்புக்குள்ளேயே நேராகப் போகும், எஃபெக்ட் அதன் மேல் கலக்கும். அப்போது டிஜிட்டல் பெடலில் மூல ஒலியை அறவே நிறுத்தி எஃபெக்டை மட்டும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சில மில்லிசெகண்ட் தாமதத்தோடு வரும் இரண்டாவது மூல ஒலி முதலாவதோடு மோதிச் சில அலைவரிசைகளை அழித்துவிடும்.

பழைய மார்ஷலை முழுச் சத்தத்தில் கிழிப்பவர்களுக்கு மட்டும் இந்தத் துளைகளால் லாபமில்லை. அவர்களுடைய கரகரப்பு பிறப்பது லூப்பைத் தாண்டிய பவர் வால்வுகளில். எடி வான் ஹேலன் 1980-களில் மார்ஷலின் ஸ்பீக்கர் வெளியீட்டையே, ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமை தாங்கும் ஒரு லோடு பெட்டிக்குள் விட்டு, அதிலிருந்து சின்ன சிக்னலைப் பிடித்து, எஃபெக்டுகளைக் கடத்தி, வேறொரு பவர் ஆம்ப்பில் ஏற்றி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பினார்.