கண்ணாடி இல்லாத வீடு



சென்ற மாதம் ஆராதனை முடிந்தபின் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் பட்டியலிலிருந்து தம் பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். காரணம் வினவினேன். "எழுபதாகிவிட்டது ஐயரே. இளம்பிள்ளைகள் பாடியும் ஆடியும் எவ்வளவு அழகாய்க் கற்பிக்கிறார்கள்! எனக்கு அவர்களைப்போல வருமா?" என்றார். நான் உடனே மறுமொழி கூறவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்தப் பெயரை எடுத்துவிடலாமென்று அவருக்கு முன்னமே நானும் எண்ணியிருந்தேன். அன்று மாலை என் மனத்தில் எழுந்த பெயர் ஈவ்லின் பிராண்ட். நாம் அன்றாடம் மேற்கே பார்க்கும் மலையோடு தொடர்புடைய பெயர் அது. ஆயினும் நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டதில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் வெள்ளிமலையை அடைகிறோம். இன்று பேருந்திலமர்ந்து ஏறிவிடுகிற இந்த மலைக்கு ஒரு காலத்தில் ஒற்றையடிப் பாதையே வழி. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. மலைமேல் வாழ்ந்தவர்கள் மலையாளிகள். கேரளத்தவரோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையில் வாழும் தமிழர் இவர்கள். காஞ்சியிலிருந்து தங்கள் முன்னோர் வந்தனரென்றும், உடன்பிறந்தார் மூவர் பிரிந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய மலைகளில் குடியேறினரென்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

இம்மலைமக்கள் தங்கள் நிலத்திலேயே சுதந்தரராய் இருக்கவில்லை. கல்வராயன் மலை ஜாகிர்களாய்ப் பிரிக்கப்பட்டிருந்தது. தென்னார்க்காட்டுப் பகுதியிலே சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என மூன்று ஜாகிர்கள். குடிகள் ஜாகிர்தாரருக்கு வரி செலுத்தினார்கள். கூலியின்றி உழைக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். நாடு 1947இல் விடுதலை பெற்றது. இந்த ஜாகிர்களை அரசு கையகப்படுத்தியதோ 1976இல். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது. அக்காலத்தில்தான் இந்த மலைப்பாதைகளில் ஒரு கிழவி மட்டக்குதிரையின்மேல் வந்தாள்.

ஈவ்லின் ஹாரிஸ் 1879இல் பிறந்தவர். லண்டன் நகரத்துச் செல்வமிக்க வணிகரின் மகள். ஓவியம் பயின்றவர், நல்லுடை அணிந்தவர், இளமையில் பேரழகி என்று பின்னாளில் அவருடைய மகனே எழுதினார். வசதியும் கலையும் கூடிய அந்த வாழ்க்கையை விட்டு, முப்பது வயதைக் கடந்தபின் சென்னை மாகாணத்துக்கு அருட்பணியாளராய் வந்தார். அவ்வயதில் திருமணமாகாத பெண்ணொருத்தி கடல் கடப்பதைக் குடும்பத்தார் எளிதாய் ஏற்றிருக்க மாட்டார்கள் என்பதை நாமே ஊகிக்கலாம். 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரை மணந்தார். கணவர் அவரைவிட ஆறு வயது இளையவர். கட்டட வேலை தெரிந்தவர். வெப்பநாட்டு நோய்களுக்கான மருத்துவத்தில் சிறிது பயிற்சியும் பெற்றவர். இருவரும் கொல்லிமலையில் வாழவந்தியிலே குடியேறினார்கள். 1914இல் மகன் பவுல் பிறந்தார். அடுத்துக் கானி என்ற மகள்.

மலையில் அவர்கள் செய்யாத வேலை இல்லை. நரம்புச்சிலந்தி என்று நம் முன்னோர் அஞ்சிய நோய் அங்கே மிகுதி. படிக்கிணற்று நீரோடு உடலுக்குள் புகும் புழு, ஓராண்டு கழிந்து காலில் கொப்புளமாய் வெளிப்படும். வெடுக்கென இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் வைக்கும். ஜெஸ்ஸி அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாள்தோறும் கொஞ்சங்கொஞ்சமாய், பொறுமையாக வெளியே எடுப்பார். நோயின் மூலம் தண்ணீரில் இருப்பதை அறிந்து, கிணறுகளைப் பற்றியும் மக்களுக்கு எடுத்துரைத்தார். (இந்தியா இந்நோயினின்று முற்றும் விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000ஆம் ஆண்டில்.) பற்களைப் பிடுங்கினார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சு வேலை கற்பித்தார்கள்.

ஆனாலும் பல ஆண்டுகளாக ஒருவரும் விசுவாசத்துக்குள் வரவில்லை. மருந்து வாங்க வந்தார்கள், ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. அங்கிருந்த பூசாரி அவர்களைக் கடுமையாய் எதிர்த்தார். அருட்பணி வரலாறுகளில் இத்தகைய பூசாரியைக் கொடியவராகவே வரைந்துவிடுவது வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. தம் மக்களின் தெய்வத்தையும் வழக்கத்தையும் காக்கும் பொறுப்பு அவர்மேல் இருந்தது. அந்நியர் வந்து இறங்கும்போது அவர் வேறென்ன செய்வார்? முதல் உலகப்போரின் முடிவில் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறியது. நோய்கண்ட வீடுகளை விட்டு உறவினரும் ஓடினர். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் கஞ்சி காய்ச்சி, வீடுவீடாய்க் கொண்டுபோய் ஊட்டினார்கள். பூசாரியும் அவர் மனைவியும் படுக்கையில் விழுந்தபோது அவர்களை நாடிச் சென்றவர்களும் இவர்கள்தாம். சாகுந்தறுவாயில் அந்தப் பூசாரி தம் பெண்குழந்தையை இவர்கள் கையில் ஒப்படைத்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். சபை தோன்றியது அதன்பிறகே. இத்தனை ஆண்டு எதிர்த்தவர், தம் குழந்தையை யாரிடம் விடலாமென்று மரணப்படுக்கையில் தாமே ஆராய்ந்து முடிவெடுத்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அது சுதந்தரமான ஒரு மனிதரின் செயல் என்றே நான் வாசிக்கிறேன்.

1923இல் விடுமுறையில் தாய்நாடு சென்றவர்கள், பிள்ளைகளைப் படிப்புக்காக அங்கே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1929 ஜூன் 15ஆம் நாள், மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி கொல்லிமலையிலேயே மரித்தார். வயது 43 அல்லது 44 இருக்கும். மரணச்செய்தி தந்தியில் சென்றுவிட்டது. அவர் உயிரோடிருக்கையில் மகனுக்கு எழுதிய கடிதங்களோ கப்பலில் மெல்லச் சென்று, அதன்பின்னும் சில வாரங்கள் வந்துகொண்டிருந்தன. பதினான்கு வயதுப் பவுல் அவற்றை எப்படி வாசித்திருப்பான் என்று எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது.

கைம்பெண்ணான ஈவ்லின் திரும்பவும் இந்தியாவுக்கு வந்தார். ஆனால் மலைக்கு அன்று. மிஷன் வகுத்த பணிகளுக்கு, பெரும்பாலும் சமவெளியில். கணவரும் அவரும் சேர்ந்து கண்ட ஒரு தரிசனம் இருந்தது: கொல்லிமலை மட்டுமன்று, சுற்றியுள்ள ஐந்து மலைத்தொடர்களுக்கும் சுவிசேஷம் செல்லவேண்டும். கொல்லியின் உச்சியில் நின்றால் மற்றவை நீலமாய்த் தெரியும். கல்வராயனும் அவற்றுள் ஒன்று. பணியிலிருந்த ஆண்டுகளில் அத்தரிசனம் நிறைவேறவில்லை.

1947இல் அவருக்கு 68 வயது. மீண்டும் இந்தியாவுக்கு அனுப்பும்படி கேட்டபோது, வயதைக் காட்டி மிஷன் குழு மறுத்தது. குழுவைக் குறை சொல்வது எளிது. ஆனால் நானும் குழுக்களில் அமர்பவன். அந்த மேசையைச் சுற்றியிருந்தோர் பொறுப்புள்ளவர்களாய்த்தான் பேசியிருப்பார்கள். 68 வயதுப் பெண்மணி மலையில் விழுந்தால் யார் தூக்குவது? காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பது? ஈவ்லின் வாதாடவில்லை. ஒரே ஓராண்டு மட்டும் அனுப்புங்கள், அதன்பின் உங்களுக்குத் தொல்லை தரமாட்டேன் என்று கெஞ்சினார். குழு இசைந்தது. ஆண்டு முடிந்தது. உடன் ஊழியர்கள் கூடி வழியனுப்பு விழா நடத்தியபோது, அவர் தம் இரகசியத்தை வெளியிட்டார். தாம் மிஷனிலிருந்து ஓய்வு பெறுவது உண்மை, ஆனால் கப்பலேறப் போவதில்லை, மலையேறப் போகிறார். வாக்குத் தவறவுமில்லை, மிஷனுக்குத் தொல்லை தரவுமில்லை. அதைக் குறும்பு என்பதா விசுவாசம் என்பதா? இரண்டும் கலந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுபதில் தொடங்கிய அந்த இரண்டாம் ஊழியந்தான் அவருக்கே உரியது. பதவியில்லை, மேலதிகாரியில்லை, சம்பளமில்லை. மட்டக்குதிரையேறி ஊர் ஊராய்ச் சென்றார், மருந்து கொடுத்தார், ஆதரவற்ற குழந்தைகளை எடுத்து வளர்த்தார், ஜெபித்தார். கொல்லியோடு நில்லாமல் மற்ற மலைகளுக்கும் போனார். நம் கல்வராயனுக்கும் வந்தார். அவரை மக்கள் அறிந்த பெயர் பாட்டி என்பதே. 75ஆம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கால்களில் உணர்வு குன்றியது. மகன் பவுல் அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே, குஷ்டரோகத்தால் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகப்புகழ் பெற்றிருந்தார். அத்தகைய மருத்துவரே தாயிடம் ஓய்வெடுக்கும்படி வேண்டினார். தேவனுக்குப் பயன்படாத உடலைக் காத்து வைத்து என்ன செய்வது என்ற கருத்தில் அவர் விடையளித்துவிட்டார். இரண்டு மூங்கிற்கோல்களை ஊன்றி நடந்தார். நடக்க இயலாத தொலைவுக்குக் குதிரை. குதிரையில் அமர இயலாத காலம் வந்தபோது மலைமக்கள் அவரைத் தூளியில் வைத்துச் சுமந்தார்கள். அப்போது அவருக்கு வயது தொண்ணூறுக்கு மேல்.

அவரைப்பற்றிப் பவுல் எழுதியவற்றுள் ஒரு சிறு செய்தி என் மனத்தைவிட்டு அகலவில்லை. வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் தம் வீட்டில் முகம்பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கவில்லை. வெயிலும் காய்ச்சலும் விழுந்த காயங்களும் அந்த முகத்தை ஆழமாய் உழுதிருந்தன. ஓவியம் பயின்ற கண்கள் அவருக்கு. அழகு எது, அழிவு எது என்று அளக்கத் தெரியும். அந்த அளவுகோலை அவர் வீட்டுக்கு வெளியே விட்டுவிட்டார். மலைக்கிராமத்திலே மக்கள் சூழ அமர்ந்திருந்த தாயைப் பார்த்த மகனோ, அந்தச் சுருக்கங்களின் நடுவே தாம் கண்ட முகங்களிலெல்லாம் மிக அழகிய முகத்தைக் கண்டார். சுற்றியிருந்தவர்களின் கண்களில் ஒளிர்ந்த அன்பே அவருக்குக் கண்ணாடியாயிருந்தது.

பரிசுத்த பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பதினேழாம் வசனம் நமக்கு மனப்பாடம்: ஆவியானவர் இருக்குமிடத்து விடுதலையைப் பற்றியது. அதை மட்டும் பிரித்துச் சுவரில் மாட்டி விடுகிறோம். அடுத்த வசனத்துக்கு நாம் போவதில்லை. அங்கே அப்போஸ்தலன் பேசுவது கண்ணாடியைப் பற்றி! முக்காடு நீங்கிய முகத்தோடு கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியில் காண்பதுபோல் கண்டு, அந்தச் சாயலாகவே மாறுகிறோம் என்கிறான். விடுதலையும் கண்ணாடியும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. எந்தக் கண்ணாடியின்முன் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே விடுதலை.

உன் தனித்தன்மையை நீயே கண்டுபிடி, உன்னையே கொண்டாடு என்று இக்காலத்தில் பலரும் போதிக்கிறார்கள். அதில் நன்மை இல்லாமல் இல்லை. பிறர் சொல்லால் நொறுக்கப்பட்ட பிள்ளைக்கு அது மருந்தாகலாம். ஆயினும் அந்தப் போதனை ஒருவனை மீண்டும் தன் கண்ணாடியின்முன்னேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஈவ்லின் பிராண்டின் வழி வேறு. அவர் தம்மைத் தேடியதாகத் தெரியவில்லை. தம் கையில் கொடுக்கப்பட்ட மலையைத்தான் தேடினார். தேடிய பாதையிலே, வேறொருவரும் நகலெடுக்க முடியாத ஒரு மனுஷியானார்: குதிரையேறிய கிழவி, மூங்கிற்கோல் பாட்டி, மிஷனை ஏமாற்றாமலே ஏமாற்றியவர். 139ஆம் சங்கீதத்திலே தாயின் கர்ப்பத்தில் நம்மை உருவாக்கியவரைத் துதிக்கிறோம். அந்தக் கை பிறப்போடு ஓய்ந்துவிடவில்லை. எழுபதிலும் தொண்ணூறிலும் உருவாக்கிக்கொண்டுதான் இருந்தது.

இதையும் சொல்லவேண்டும். மலைமக்கள் அவருடைய கதைக்குப் பின்னணி அல்லர். தூளியைச் சுமந்த தோள்களுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்கள் நூல்களில் இடம்பெறாமற் போயின. கூலியில்லா உழைப்புக்குப் பழக்கப்படுத்தப்பட்டிருந்தவர்கள், கட்டாயமின்றி, அன்பினால் சுமந்த சுமை அது. இன்றும் வெள்ளிமலையிலிருந்து கீழே படிக்க வரும் பிள்ளைகளில் சிலர் தங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நாம் அவர்களிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் பார்த்திருக்கிறேன். நம் முகங்களும் அவர்களுக்குக் கண்ணாடிகள்தாம்.

ஈவ்லின் 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் நித்திரையடைந்தார். கொல்லிமலையில், நாற்பத்தைந்து ஆண்டுகளாய்க் காத்திருந்த ஜெஸ்ஸியின் கல்லறையருகே அவரை அடக்கம் செய்தார்கள். கல்வராயன் மலையின் ஜாகிர்கள் அப்போது இன்னும் ஒழிந்திருக்கவில்லை.

அந்தத் தாயாரின் பெயரை நான் இன்னும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போகிறேன். ஓய்வுநாள் பள்ளியில் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் சிறுபிள்ளைகள் ஏழெட்டுப்பேர் சேர்ந்திருக்கிறார்கள். பாட்டும் ஆட்டமும் அவர்களுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் வகுப்பு முடிந்தபின் அவர்கள் யாருடனும் பேசுவதில்லை. அவர்களோடு அமர்ந்து அவர்கள் ஊர்க்கதையைக் கேட்க ஒரு பாட்டி வேண்டும் என்று கேட்கப்போகிறேன். முதலில், நான் எண்ணியிருந்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.