ஃபோம் கவசமும் கூத்துக் கட்டையும்

கொல்லிமலைக்குப் போக எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மேலே ஊராட்சிகளின் பெயர்கள் "நாடு" என்று முடிகின்றன. வளவந்தி நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு என்று வரிசை நீளும். இந்த மலையை ஆண்ட கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டி அரசு விழாவும் நடக்கிறது.

பைல் நாட்டு மாணவன் ஒருவன் பள்ளி மாறுவேடப் போட்டியில் ஓரியாக வேடம் போட நினைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வில்லை மூங்கிலில் வளைத்துவிடலாம். கவசத்துக்கு என்ன செய்வது? தகரத்தில் செய்தால் கனக்கும், விளிம்பு கையைக் கிழிக்கும். சார்ட் அட்டையில் செய்தால் மேடை ஏறும் முன்பே மடங்கிவிடும். பார்ப்பதற்கு இரும்பு போலவும் போட்டுக்கொள்ளப் பஞ்சு போலவும் ஒரு கவசம் வேண்டும்!

இன்று காஸ்பிளே செய்யும் இளைஞர்கள் இதற்கு ஃபோமைக் காட்டுவார்கள். ஆனால் இந்தக் கேள்வி ஃபோமுக்கு முந்தையது. தமிழ்நாட்டு மேடை அதற்கு எப்போதோ ஒரு பதில் கண்டுபிடித்துவிட்டது.

பெயர் உண்டு, வடிவம் இல்லை

சங்க இலக்கியத்தில் கவசத்துக்கு "மெய்ம்மறை" என்ற அழகான சொல் உண்டு. உடம்பை மறைப்பது என்று பொருள். கேடயத்துக்குத் "தோல்" என்று பெயர். விலங்குத் தோலால் செய்யப்பட்டதால் அந்தப் பெயர்.

ஓரியைப் போரில் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. கொல்லிமலை அதன்பின் சேரர் கைக்குப் போனது. அந்தச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்கு அவன்தான் தலைவன். அதே பதிற்றுப்பத்தில் "மெய்ம்மறை" என்ற சொல், வீரர்களைக் காக்கும் அரசனுக்கு உவமையாக வருகிறது. கவசம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்தானே உவமை எடுபடும்?

ஆனால் பாட்டில் கவசத்தின் பெயர்தான் கிடைக்கிறது, அதன் அளவும் வெட்டும் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்து மக்கள் கவசம் அணிந்த ஒரு ராஜாவைக் கண்ணால் பார்த்தது தெருக்கூத்தில்தான்.

மரத்தில் ஒரு கவசம்

கூத்தில் கர்ணனும் துரியோதனனும் திரை விலக்கி வரும்போது தலையில் பெரிய கிரீடம், இரு தோள்களிலும் இறக்கை போல விரிந்த புஜக்கட்டை, நெஞ்சில் மார்புப் பதக்கம் எல்லாம் மின்னும். இவை அனைத்துக்கும் பொதுப்பெயர் "கட்டை". பெயரிலேயே ரகசியம் இருக்கிறது. இவை மரத்தால் ஆனவை!

எந்த மரம்? கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றும் சொல்வார்கள். வேலி ஓரம் நிற்கும், சிவப்புப் பூ பூக்கும். தேக்கைப் போலக் கதவுக்கோ கட்டிலுக்கோ இந்த மரத்தை யாரும் தேடுவதில்லை. காரணம், மரம் மிகவும் லேசு, மென்மை. மேடைக் கவசத்துக்கு வேண்டியதும் அதேதான். கட்டை செய்பவர் மரத்தைச் செதுக்கி, வண்ணம் பூசி, ஜிகினாக் காகிதமும் சிறு கண்ணாடித் துண்டுகளும் பதிக்கிறார்.

கண்ணாடி வெறும் அலங்காரம் இல்லை. கூத்து இரவில் தொடங்கி விடியும்வரை நடப்பது. மின்சாரம் வருவதற்கு முன்பு தீவட்டியும் பிறகு பெட்ரோமாக்ஸும்தான் வெளிச்சம். அந்தக் குறைந்த ஒளியைப் பிடித்துத் தூரத்தில் பாயில் உட்கார்ந்திருப்பவருக்கும் அனுப்பும் வேலையைக் கண்ணாடித் துண்டுகள் செய்கின்றன. ஆட்டக்காரர் சுழலும்போது ஒளியும் சேர்ந்து சுழலும்.

அந்தச் சுழற்சிக்குக் "கிறிக்கி" என்று பெயர். கட்டை கட்டியவர் அரங்கை வட்டமிட்டபடி தன்னைத் தானே சுற்றிச் சுற்றி வருவார். பாடவும் வேண்டும், வசனம் பேசவும் வேண்டும். இதை ஓர் இரவு முழுக்கச் செய்ய வேண்டும். ஐரோப்பிய வீரர்களின் முழு இரும்புக் கவசம் ஏறக்குறைய 15 முதல் 25 கிலோ எடை. அதைப் போட்டுக்கொண்டு கிறிக்கி அடித்தால் கர்ணன் பதினேழாம் நாள் போர் வரை தாங்கமாட்டான்!

இந்தக் கட்டைகளை வைத்தே கலைக்குக் "கட்டைக்கூத்து" என்ற பெயரும் வழங்குகிறது. பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய அமைப்புக்குக் கட்டைக்கூத்துச் சங்கம் என்றே பெயர் வைத்தார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்திலும் கூத்துக் குழுக்கள் உண்டு. கொல்லிமலை இருப்பது நாமக்கல் மாவட்டத்தில்தான். ஆக, பைல் நாட்டு மாணவன் விடையைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை.

செடியில் விளைந்த ஃபோம்

லேசான பொருளைத் தேடியவர்கள் கூத்துக்காரர்கள் மட்டும் இல்லை. கேரளத்துக் கதகளிக் கிரீடம் குமிழ் மரத்தில் செதுக்கப்படுகிறது. வங்காளத்தில் மாப்பிள்ளையின் திருமணக் கிரீடத்தை நெட்டியில் செய்கிறார்கள்.

நெட்டி என்பது நீர்நிலைகளில் வளரும் ஒரு செடி. அதன் தண்டின் உள்ளே வெள்ளை வெளேர் என்று, காற்றறைகள் நிறைந்த சோறு இருக்கும். ஒரு வகையில் அது இயற்கை தந்த ஃபோம்! தஞ்சாவூரில் அதைச் சீவி கோவில் கோபுரங்களையும் சிற்பங்களையும் உருவாக்குகிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடுகளுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்குத் தலையில் கவிழ்த்த "சோலா தொப்பி"யும் இதே நெட்டியில் செய்ததுதான். சோலா என்பது நெட்டியின் வங்காளப் பெயர்.

ஃபோம் வந்த வழி

1939இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அதற்கு மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண் தனக்கும் நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனுக்கும் எதிர்கால மனிதர்களின் உடையைத் தானே தைத்து அணிந்து வந்தார். வீட்டில் செய்த வேடத்தோடு ரசிகர்கள் கூடும் வழக்கத்துக்கு அதுவே முன்னோடி. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய எழுத்தாளர் நொபுயுகி தகாஹாஷி அதற்குக் "காஸ்பிளே" என்று பெயர் கொடுத்தார். இந்தியாவில் காமிக் கான் 2011இல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு வர 2024 ஆனது.

சினிமாவும் எடையைக் குறைக்கத்தான் பாடுபட்டது. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் வீரர்களின் வெள்ளைக் கவசம் அச்சில் இழுத்த பிளாஸ்டிக். 2001இல் தொடங்கிய லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களின் சங்கிலிக் கவசங்களிலும் பெரும்பாலானவை பிளாஸ்டிக் குழாயை வளையங்களாக வெட்டிக் கோத்தவை. ஆனால் இதற்கெல்லாம் பட்டறை வேண்டும், ஆட்கள் வேண்டும்.

வீட்டிலேயே செய்ய வழி திறந்தது ஈ.வி.ஏ. ஃபோம். குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும், பல் வைத்துக் கோக்கும் பாய் இந்தப் பொருள்தான். செய்யும் முறை எளிது. உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, கோடு வரைந்து, வெட்டி எடுத்தால் அளவு கிடைத்துவிடும். அந்த அளவில் ஃபோமைக் கூரிய கத்தியால் வெட்டி, சூடான காற்றுத் துப்பாக்கியால் காட்டி வளைக்க வேண்டும். ஆறியதும் வளைவு அப்படியே நிற்கும். இரு விளிம்பிலும் பசை தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்க்க வேண்டும். பிறகு மேற்பரப்பை அடைத்து வண்ணம் பூசினால் இரும்பு தயார். பசையின் நெடி தலையைச் சுற்ற வைக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைப்பது முக்கியம்.

எது மேல்?

ஃபோமின் பெருமை அது எல்லோருக்கும் கைவரும் என்பது. ஒரு மாணவன் சில நாட்களில் ஒரு மார்புக் கவசம் செய்துவிடலாம். கட்டை செதுக்க உளியும் பல ஆண்டுப் பழக்கமும் வேண்டும். ஆனால் உதிர்ந்த கண்ணாடியை மறுபடி ஒட்டி, வண்ணத்தைப் புதுப்பித்துக் கட்டையை நெடுங்காலம் வைத்திருக்கலாம். கடைசியில் மரம் மண்ணோடு மண்ணாகும். ஃபோம் மக்காது.

நாளை கூத்துக் குழுக்களும் ஃபோமுக்கு மாறலாம். பேருந்தில் மூட்டை ஏற்றுபவருக்கு அது நல்லதுதான். ஆனால் எந்தத் தோளுக்கு எத்தனை அகலம், எந்த வேடத்துக்கு எந்தக் கிரீடம், கண்ணாடி எந்தச் சாய்வில் இருந்தால் ஒளி கடைசி வரிசைக்குப் போகும் என்ற கணக்கெல்லாம் செதுக்குபவர் கையில் இருக்கிறது. செதுக்குவது நின்றால் அந்தக் கணக்கும் சேர்ந்தே போய்விடும்.

இன்று இணையத்தில் கவச அளவு தேடினால் அயர்ன் மேனுக்கும் ஐரோப்பிய வீரனுக்கும் நொடியில் கிடைக்கும். புஜக்கட்டைக்கு? பைல் நாட்டு மாணவன் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு. அடுத்த திருவிழாவில் கூத்து முடிந்து விடியும்போது, கட்டை அவிழ்க்கும் கலைஞரிடம் அனுமதி கேட்டு, அந்த வடிவத்தைக் காகிதத்தில் அளந்து வரைந்துகொள்ள வேண்டும். அதை ஃபோமில் வெட்டினால் ஓரிக்குக் கவசம் கிடைக்கும். காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் கட்டைக்கும் ஒரு கவசம் கிடைக்கும்.