எலியேசர் தேடிய மாறாதவை: ஈழத்துக் கணிதவியலாளர் ஒருவரின் சமச்சீர் ஆய்வுகள்

பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிதல்ல. அவுஸ்திரேலியத் தமிழர் அமைப்புக்களை வழிநடத்தியவர், 1983 இற்குப் பின் அங்கு சென்ற தமிழ் அகதிகளுக்காகக் குரல் கொடுத்தவர், 1997 ஆம் ஆண்டு தமிழீழ விடுதலைப் புலிகளால் 'மாமனிதர்' என மதிப்பளிக்கப்பட்டவர் என்று அவரை அறிவோம். அவர் ஒரு கணிதப் பேராசிரியர் என்பதும் தெரியும். ஆனால் அவர் செய்த கணிதம் எது என்று கேட்டால், இணைந்த கணிதத்தில் 'ஏ' எடுத்த மாணவர்களும் பதில் சொல்லத் தயங்குவார்கள். அந்தக் கேள்விக்குத் தமிழில் ஒரு பதில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

வாழ்க்கைச் சுருக்கம்

எலியேசர் 1918 ஆம் ஆண்டு பிறந்தார். கேம்பிரிட்ஜில், நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் போல் டிராக்கின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்தார். 1943 இல் வெளிவந்த அவரது கட்டுரை ஒன்று, ஐதரசன் அணுவில் இலத்திரன் புரோத்தனை நோக்கி நேராகப் பாய்ந்தால் என்ன நடக்கும் என்று ஆராய்ந்தது. மோதி விழும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் டிராக்கின் சமன்பாட்டின்படி கணக்கிட்டால், இலத்திரன் புரோத்தனை எட்டுவதேயில்லை; இடையில் திரும்பி விலகி ஓடுகிறது என்று அவர் காட்டினார். 'எலியேசர் தேற்றம்' எனப்படுவது இதுதான். தான் கற்ற ஆசானின் சமன்பாட்டில் உள்ள சிக்கலையே அது வெளிக்கொண்டுவந்தது.

பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் விஞ்ஞான பீடாதிபதியாகவும் பணியாற்றினார். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958 இல் இனக்கலவரம். அந்தத் தசாப்தம் முடியும் தறுவாயில் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்து 1960களின் இறுதியில் மெல்பேர்ணில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குப் பிரயோக கணிதப் பேராசிரியராகப் போனார். சமச்சீர் பற்றிய அவரது முக்கிய ஆய்வுகள் அங்கேதான் பிறந்தன. 2001 ஆம் ஆண்டு காலமானார்.

சமச்சீர் என்றால் என்ன?

தைப்பொங்கலன்று முற்றத்தில் போடும் சதுரக் கோலத்தை எண்ணிப் பாருங்கள். அதை நடுவை மையமாக வைத்துக் கால் சுற்றுத் திருப்பினாலும் கோலம் முன்போலவே தெரியும். அரைச் சுற்று, முக்கால் சுற்று, முழுச் சுற்று என நான்கு திருப்பங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டும் வழிகள் இன்னும் நான்கு. மொத்தம் எட்டு. ஒன்றைச் செய்தபின் இன்னொன்றைச் செய்தாலும், விளைவு இந்த எட்டுக்குள் ஒன்றாகவே இருக்கும். செய்த எதையும் இந்த எட்டுக்குள் உள்ள ஒன்றினால் மீளவும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இப்படி ஒன்றுக்குள் ஒன்று அடங்கி நிற்கும் செயல்களின் தொகுதியைக் கணிதத்தில் 'கூட்டம்' என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'குலம்' என்கின்றன. இதை முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் பிரான்ஸைச் சேர்ந்த எவரிஸ்ட் கலுவா. 1832 இல் இருபது வயதில் இறந்துபோனவர்.

கூட்டம் எண்ணுவதற்கும் உதவும். கோலத்தின் நான்கு மூலைகளுக்கும் சிவப்பு அல்லது மஞ்சள் பூச வேண்டும் என்றால் 16 வழிகள் உண்டு. ஆனால் திருப்பினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே கோலமாகக் கொண்டால் ஆறுதான் மிஞ்சும். சேர்மானவியல் என்ற கணிதத் துறையில் இத்தகைய எண்ணல்களுக்குக் கூட்டக் கொள்கையே கருவி.

நோர்வேயைச் சேர்ந்த சோபஸ் லீ, 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தச் சிந்தனையைக் கோலத்திலிருந்து இயக்கத்துக்குக் கொண்டுபோனார் எனலாம். இயக்கத்தை விவரிக்கும் வகையீட்டுச் சமன்பாட்டுக்கும் சமச்சீர் உண்டு. அதை எப்படி மாற்றினாலும் சமன்பாடு அப்படியே இருக்கும் என்று தேடுவது அவர் வழி. 1918 இல், எலியேசர் பிறந்த அதே ஆண்டில், ஜேர்மன் கணிதவியலாளர் எமி நோதர் இன்னொரு படி மேலே போனார். இயக்க விதிகளில் தொடர்ச்சியான சமச்சீர் ஒன்று இருந்தால், அந்த இயக்கத்தில் மாறாத கணியம் ஒன்றும் இருக்கும் என்று நிறுவினார். இன்றைக்கும் நாளைக்கும் விதி ஒன்றே என்பதால் சக்தி காக்கப்படுகிறது. எத்திசையிலும் விதி ஒன்றே என்பதால் கோண உந்தம் காக்கப்படுகிறது.

ஊஞ்சலும் அதன் நிழலும்

சித்திரை வருடப்பிறப்புக்கு மரத்தில் கட்டும் ஊஞ்சலில், பலகையில் நின்று குந்திக் குந்தி எழும்பி உன்னி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். குந்தி எழும்பும்போது ஊஞ்சலின் பயனுறு நீளம் மாறுகிறது. ஆகவே ஆட்டத்தின் வேகம், வீச்சு, சக்தி எல்லாமே மாறுகின்றன. இப்படி நேரத்தோடு மாறும் ஊசலில் மாறாதது ஏதேனும் உண்டா?

உண்டு என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கணியம் ஒரு நீண்ட, பொருள் விளங்காத கோவையாக இருந்தது. 1976 இல் எலியேசரும் கிரே என்பவரும் எழுதிய சிறு கட்டுரை அதற்கு எளிய விளக்கம் தந்தது. ஒரு கோட்டில் முன்னும் பின்னும் ஆடுவதை, ஒரு தளத்தில் மையத்தைச் சுற்றி ஓடும் புள்ளியின் நிழலாகப் பாருங்கள் என்றனர். அந்தப் புள்ளியின் மீதான விசை கூடிக் குறைந்தாலும் எப்போதும் மையத்தை நோக்கியே இருக்கும். ஆகவே அதன் கோண உந்தம் மாறாது. விளங்காமல் இருந்த அந்தக் கணியம் இந்தக் கோண உந்தத்திலிருந்தே வருகிறது. நிழலில் தெரியாத ஒழுங்கு, நிழலை வீழ்த்தும் பொருளில் இருந்தது.

1980 இல் எலியேசரும் ஜெஃப் பிரின்ஸும் இத்தகைய ஊசலின் முழுச் சமச்சீர்க் கூட்டத்தையும் கண்டனர். ஒரு பரிமாணத்தில் அதற்கு எட்டுச் சுயாதீனச் சமச்சீர்கள். மூன்று பரிமாணங்களில் 24. விசை எதுவுமின்றி நேர்கோட்டில் செல்லும் துணிக்கைக்கும் இதே எண்ணிக்கைதான். அலைக்கழிந்து ஆடுவதும் அமைதியாக நேரே போவதும் ஒரே கூட்டத்துக்குள் அடங்குகின்றன.

கோள்களின் பாதை

1981 இல் அதே இருவரும் சூரியனைச் சுற்றும் கோளின் இயக்கத்தை எடுத்துக்கொண்டனர். லீயின் வழியில் இதற்குக் கிடைக்கும் சமச்சீர்கள் ஐந்து: நேரத்தை நகர்த்துவது ஒன்று, வெளியில் திருப்புவது மூன்று, ஐந்தாவது அளவைப் பெருப்பிப்பது. கோளின் பாதையை நான்கு மடங்கு பெருப்பித்தால் சுற்றும் காலத்தை எட்டு மடங்காக்க வேண்டும். அப்போது விதி அப்படியே நிற்கும். கெப்ளரின் மூன்றாம் விதி இதுதான்.

கோளின் நீள்வளையப் பாதை தானாகத் திரும்பிக்கொண்டிருக்காமல் ஒரே திசையில் நிற்பதற்குக் காரணமான காவிக் கணியம் ஒன்று உண்டு. ரங்கே–லென்ஸ் காவி என்பது அதன் பெயர். அது எந்தச் சமச்சீரிலிருந்து வருகிறது என்பது எளிதில் பிடிபடாத கேள்வியாக இருந்தது. இந்தப் பெருப்பிக்கும் சமச்சீரிலிருந்தே அதைப் பெறலாம் என்று அவர்கள் காட்டினர்.

அந்த 1981 இலேயே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின.

நம்மிடம் இருந்த மரபு

உயர்கணிதம் குடாநாட்டுக்கு அந்நியமானதன்று. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கி 1855 வரை கணிதமும் வானியலும் கற்பித்தது. அங்கு உருவான விசுவநாதபிள்ளை 1855 இல் 'வீசகணிதம்' என்ற அட்சரகணித நூலைத் தமிழில் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1857 இல் வெளிவந்த இருவர் அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான பீடத்துக்கு முதல் பீடாதிபதியாக இருந்தவரும் கணிதப் பேராசிரியரே: கனகசபாபதி.

ஆனால் கணிதம் நமக்குப் படிப்படியாகப் பரீட்சைக் கணிதமாகச் சுருங்கியது. அதற்குக் காரணமும் உண்டு. 1971 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாக இருந்தபோது, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் வாழ்க்கையைத் தீர்மானித்தது. தொடர்ந்து வந்த போரும் பொருளாதாரத் தடையும் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் எதையும் விட்டுவைக்கவில்லை. கணிதம் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் வாசலாயிற்று. அதற்குள்ளேயே தங்கி ஆராய்ந்தவர்கள் சிலரே.

இன்று நிலைமை வேறு. சமச்சீர் ஆய்வுக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டியதில்லை. 1976 ஆம் ஆண்டின் ஊஞ்சல் கட்டுரையின் மையக் கருத்தைப் பின்தொடர, உயர்தர இணைந்த கணிதத்தில் வரும் காவிகளும் எளிமை இசை இயக்கமும் பெருமளவு போதும். எலியேசரே 1963 இல் காவிக் கணிதம் பற்றி மாணவர்களுக்கென ஒரு பாடநூல் எழுதியிருக்கிறார்.

அவருடைய படத்துக்கு மாலை போடும் கூட்டங்களில், ஒரு ஆசிரியர் பத்து நிமிடம் எடுத்து, கரும்பலகையில் அந்த ஊஞ்சலையும் அதன் நிழலையும் வரைந்து காட்டலாம். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவராவது, பரீட்சைக்கு வராத அந்தக் கணக்கை வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பார்.